ஒற்றைக் கேசரத்தின் குடும்பம்

இஞ்சியும் மஞ்சளும் ஏலமும் இல்லாத சமையலறை தமிழ்நாட்டில் இல்லை. சித்தரத்தையும் கச்சோலமும் கஸ்தூரி மஞ்சளும் இல்லாத நாட்டு மருந்துக் கடையும் இல்லை. இவ்வாறு அன்றாட வாழ்க்கையில் நம்மோடு கலந்துவிட்ட இச்செடிகள் யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும், அக்குடும்பத்தில் ஏறத்தாழ 50 பேரினங்களும் 1,600 இனங்களும் அடங்கியிருக்கின்றன என்பதையும், அவற்றுள் மனிதன் தன் தோட்டத்துக்கு அழைத்து வந்தவை மிகச் சிலவே என்பதையும் அறிந்தவர்கள் நம்மிடையே அதிகம் இல்லை. எஞ்சியவற்றுள் ஒரு சிறு பகுதி ஆப்பிரிக்காவிலும் அமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்களிலும் இருக்க, பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையிலும், அஸ்ஸாம், மியன்மார், தாய்லாந்து ஆகிய பகுதிகளின் காடுகளிலும், மலேயாத் தீபகற்பத்திலும், போர்னியோவிலும், நியூகினியிலும், பெருமரங்களின் நிழலையும் ஓடைக் கரைகளின் ஈரத்தையும் நாடி வளர்கின்றன. ஆண்டுதோறும் இக்காடுகளிலிருந்து புதிய இஞ்சி இனங்கள் வெளிப்பட்டுக்கொண்டே இருக்கின்றன.

முந்நூறு ஆண்டுகளாகத் தாவர சாஸ்திரிகள் தேடிவந்த பிறகும், ஆள் உயரத்துக்கும் அதற்கு மேலும் வளர்ந்து, கண்ணைக் கவரும் வர்ணங்களில் பூக்கும் இச்செடிகள் எவ்வாறு இத்தனை காலம் மறைந்திருக்க முடிந்தது என்ற வினா இயல்பாகவே எழும். காடுகள் தூரத்தில் இருக்கின்றன, வழிகள் கடினமானவை என்பது அதற்கு ஒரு விடை. ஆனால் அது முழு விடையன்று. இக்குடும்பத்தின் அடையாளம் முழுவதும் அதன் பூவில் இருக்கிறது. அந்தப் பூவோ பல இனங்களில் ஒரே நாள், சிலவற்றில் சில மணி நேரமே உயிரோடிருக்கிறது. ஆகையால் இந்தச் செடிகளை வகைப்படுத்தியவர்களின் வரலாறு என்பது, உயிருள்ள பூவை அதன் இடத்திலேயே அதன் பொழுதிலேயே கண்டவர்களுக்கும், உலர்ந்த பூவை மேஜைமேல் வைத்துக் கண்டவர்களுக்கும் இடையே நிலவிய வேற்றுமையின் வரலாறு என்றே நான் கருதுகிறேன்.

முதலில் அந்தப் பூவைப் பார்ப்போம். காட்டிஞ்சிப் பூ ஒன்றைக் கையில் எடுத்தால், முன்னால் அகன்று விரிந்து, பெரும்பாலும் மஞ்சளோ சிவப்போ தீட்டிய வரிகளோடு விளங்கும் ஓர் உதடு முதலில் கண்ணிற் படும். அதனை இதழென்று நினைப்பது இயல்பு. ஆயினும் அது இதழன்று. இப்பூவின் மூதாதைப் பூக்களில் ஆறு கேசரங்கள் இரண்டு வட்டங்களாக அமைந்திருந்தன. உள்வட்டத்து மூன்றில் ஒன்று மட்டுமே மகரந்தம் தரும் தொழிலை இன்றும் செய்கிறது. மற்ற இரண்டும் அத்தொழிலைத் துறந்து, ஒன்றோடொன்று இணைந்து, வந்திறங்கும் வண்டுக்கு மேடையாக அந்த உதட்டை உண்டாக்கியிருக்கின்றன. வெளிவட்டத்து மூன்றில் ஒன்று அடியோடு மறைந்துவிட்டது. எஞ்சிய இரண்டும் உதட்டின் இருபுறமும், சில பேரினங்களில் அகன்ற இதழ்களைப்போலவும், சிலவற்றில் வெறும் பற்களைப்போலவும், இஞ்சிப் பேரினத்தில் உதட்டோடு ஒட்டிப் பக்க மடல்களாகவும் நிற்கின்றன. உண்மையான இதழ்கள் மூன்றும் இவற்றின் பின்னால் ஒடுங்கிக் கிடக்கின்றன. இவ்வளவோடு விந்தை முடிந்துவிடவில்லை. சூல்தண்டு நூலினும் மெல்லியது; தானாக நிற்கும் வலிமை அதற்கு இல்லை; ஆதலால் ஒற்றைக் கேசரத்தின் இரண்டு மகரந்தப் பைகளுக்கும் நடுவேயுள்ள பள்ளத்தில் புகுந்து, அவற்றின் பிடியிலேயே மேலேறி, சூல்முடியை மட்டும் அவற்றுக்குச் சற்று மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. இஞ்சிப் பேரினத்தில் மகரந்தப் பையின் நுனி பறவையின் அலகைப்போல நீண்டு அந்தத் தண்டைச் சுற்றிக்கொள்கிறது. மஞ்சள் பேரினத்தில் பூவடிச் செதில்கள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு பைகளாகி, ஒவ்வொரு பையிலும் பூக்களை வைத்திருக்கின்றன. குளோப்பா என்னும் பேரினத்திலோ கேசரத்தின் காம்பு வில்லாக வளைந்து பூவுக்கு வெகு தூரம் வெளியே நீண்டிருக்கிறது. மகரந்தப் பையின் கொம்புகள், பக்கக் கேசரங்களின் வடிவம், இலையடியிலுள்ள சிறு நாக்கின் நீளம், செதில்களின் அடுக்கு ஆகிய இத்தகைய நுட்பங்களே இனங்களைப் பிரித்தறியும் லட்சணங்கள்.

மகரந்தம் தரும் கேசரம் ஒன்றே ஒன்று என்ற இந்த லட்சணத்தைப் பற்றிக்கொண்டுதான் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ் தம்முடைய வகைப்பாட்டின் முதல் வகுப்பை வகுத்தார். கேசரங்களின் எண்ணிக்கையால் செடிகளைப் பிரித்த அவர், ஒரு கேசரமுடைய செடிகளை எல்லாம் மோனாண்ட்ரியா என்ற வகுப்பில் சேர்த்தார்; இஞ்சியும் மஞ்சளும் அவருடைய 1753-ஆம் ஆண்டு நூலின் தொடக்கத்திலேயே இடம்பெற்றதற்கு அதுவே காரணம். லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்தவரல்லர். மலையாளக் கரைச் செடிகளைப் பற்றிய அவருடைய அறிவுக்குப் பெரிதும் ஆதாரமாயிருந்தது, கொச்சியின் டச்சுத் தளபதியாயிருந்த வான் ரீடு 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு பாகங்களாக வெளிவரச் செய்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் என்னும் பெருநூல். அந்நூலின் அறிவு வான் ரீடுக்குச் சொந்தமானதன்று. இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும் பிற வைத்தியர்களும் பரம்பரையாகக் காத்துவந்த அறிவு அது. ஐரோப்பிய வகைப்பாட்டின் முதற் பக்கங்களில் மலையாளத்து வைத்தியரின் கண்ணும் கையும் கலந்திருக்கின்றன என்பதை நாம் மறக்கலாகாது.

லின்னேயஸின் மாணவருள் ஒருவர் நம் கரைக்கே வந்தார். யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்னும் அவர் 1768-இல் டேனிஷ் மிஷனின் வைத்தியராகத் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். மிஷனின் சம்பளம் அவருடைய ஆராய்ச்சி வேட்கைக்குப் போதவில்லை. ஆர்க்காட்டு நவாபிடமும், பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் உத்தியோகம் பார்த்தார். கம்பெனியின் இயற்கை ஆராய்ச்சியாளர் என்ற முறையில் 1778-இல் சயாமுக்கும் மலாக்காவுக்கும் கப்பலேறி, 1779-இல் இன்று புக்கெட் என்று வழங்கும் தீவில் தங்கினார். அங்கே அவர் செய்த காரியம் இக்குடும்பத்தின் ஆராய்ச்சியில் ஒரு சகாப்தத்தைத் தொடங்கியது என்றால் அது மிகையாகாது. மழைக்காலத்தில் பூத்துக்கொண்டிருந்த இஞ்சி இனங்களை ஒவ்வொன்றாகப் பறித்து, வாடுவதற்கு முன்னே அவற்றின் உறுப்புகளை எல்லாம் பிரித்து, நிறமும் மணமும் அளவும் விடாமல் அவர் இலத்தீனில் எழுதிவைத்த வர்ணனைகள், ஸ்வீடனில் ரெட்சியஸ் என்ற அறிஞர் நடத்திய தொகுதியில் 1783-இல் அச்சேறின. இன்று கியூபாவின் தேசிய மலராக விளங்கும் வெண்ணிற ஹெடிகியம் கொரோனேரியத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர் தரங்கம்பாடியின் இந்த வைத்தியரே. கோனிக் 1785-இல் ஆந்திரக் கரையில் காலமானார். அவருடைய கையெழுத்துப் பிரதிகள் இலண்டனில் ஜோசப் பாங்க்ஸிடம் போய்ச் சேர்ந்தன. அவருடைய வர்ணனைகள் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னரும் பயன்படுகின்றன. காரணம், அவர் உயிருள்ள பூவைக் கண்டு எழுதினார் என்பதே.

அவரிடம் ஊக்கம் பெற்ற வில்லியம் ராக்ஸ்பர்க், கல்கத்தாத் தோட்டத்தில் இச்செடிகளை உயிரோடு வளர்த்து, இந்தியச் சித்திரக்காரர்களைக் கொண்டு வர்ணச் சித்திரங்கள் எழுதச் செய்து, ஒற்றைக் கேசரச் செடிகளைப் பற்றிய தம் கட்டுரையை 1810-இல் வெளியிட்டார். சென்னை ராஜதானியில் ராபர்ட் வைட் அதே வழியைப் பின்பற்றினார். ரங்கையா, கோவிந்து என்ற இரு சித்திரக்காரர்கள் அவருக்காக எழுதிய படங்கள் இல்லாவிட்டால் தென்னிந்தியத் தாவர சாஸ்திரம் பாதி குருடாயிருந்திருக்கும். நீலகிரிப் பக்கத்துப் புல்வெளிகளில் முளைக்கும் காட்டு மஞ்சளாகிய குர்குமா நீல்கெரென்சிஸ் 1853-இல் உலகுக்கு அறிமுகமானது அந்தப் படவரிசையின் கடைசிப் பாகத்தில்தான். கேம்பிள் தொடங்கிய சென்னை ராஜதானித் தாவர நூலில், அவருக்குப் பின் ஃபிஷர் எழுதிச் சேர்த்த இஞ்சிக் குடும்பப் பகுதி 1928-இல் வெளிவந்தது. தென்னாட்டுக் காட்டிஞ்சிகளைத் தேடுபவர்களுக்கு நெடுங்காலம் அதுவே கைவிளக்கு.

இனி, உலர்ந்த பூவின் துன்பத்தைச் சொல்லவேண்டும். காட்டில் பறித்த செடியைக் காகிதங்களுக்கிடையே அழுத்தி உலர்த்தி, அட்டையில் ஒட்டி, இடமும் தேதியும் எழுதிவைக்கும் நிலையத்தை ஹெர்பேரியம் என்கிறோம். புல்லுக்கும் அவரைக்கும் இம்முறை பொருத்தமானது. பல ஆண்டுகள் சென்றபின்னும் ஒரு துளி வெந்நீரில் ஊறவைத்தால் அவற்றின் பூக்கள் ஓரளவு பழைய உருவை அடைகின்றன. இஞ்சிப் பூவோ நீர் நிறைந்த மெல்லிய சவ்வு. அழுத்தியவுடன் கூழாகிக் காகிதத்தில் ஒட்டிக்கொண்டு, பழுப்புக் கறையாக எஞ்சுகிறது. உதட்டின் வர்ணம் போய்விடும். மகரந்தப் பையின் கொம்பு எங்கே, பக்கக் கேசரம் எங்கே என்று கண்டறிய இயலாது. இதற்கு மேல் வேறு சங்கடங்களும் உண்டு. எட்லிங்கெரா போன்ற பேரினங்களில் இலைத்தண்டு பல மீட்டர் உயரம் வளர்கையில், பூங்கொத்து அதனின்று சற்றே தள்ளி, நிலத்தோடு நிலமாக, உதிர்ந்த சருகுகளுக்குள்ளே முளைக்கிறது. இலையைப் பறித்தவர் பூவைக் காணாமல் போவார், பூவைக் கண்டவர் அது எந்தத் தண்டுக்குரியதென்று அறியாமல் நிற்பார். வறண்ட பருவம் நீண்டிருக்கும் காடுகளில் குளோப்பா, காட்டு மஞ்சள் முதலியவை ஆண்டில் பல மாதங்கள் மண்ணுக்குள் கிழங்காக உறங்குகின்றன. அப்பொழுது அக்காட்டில் நடப்பவருக்கு அவை இருப்பதாகவே தெரியாது. ஆகவே, உலகின் ஹெர்பேரியங்களிலுள்ள பழைய இஞ்சி மாதிரிகளில் பூவில்லாதவையும், பூவிருந்தும் பயனில்லாதவையும் ஏராளம்.

அத்தகைய மாதிரிகளைக் கொண்டே ஜெர்மனியில் கார்ல் ஷூமான், 1904-இல், இக்குடும்பம் முழுவதையும் தழுவிய ஒரு மகத்தான நூலை எழுதினார். அவருடைய உழைப்பைப் போற்றாதவர் இல்லை. எனினும் அவர் உயிரோடு கண்டிராத இனங்களின் வர்ணனைகளில் குழப்பம் மலிந்திருந்தது. அவர் ஆராய்ந்த மாதிரிகளைத் திரும்பப் பார்த்தாவது ஐயம் தீரலாம் என்றால், அதற்கும் வழியில்லாமற் போயிற்று. 1943 மார்ச்சு மாதத்தில், விமானத் தாக்குதலில் பெர்லின் ஹெர்பேரியம் எரிந்து, இலட்சக்கணக்கான மாதிரிகள் சாம்பலாயின. ஒரு பெயருக்கு ஆதாரமாக நிறுத்தப்பட்ட மாதிரி அழிந்துவிட்டால் அந்தப் பெயர் எந்தச் செடிக்குரியது என்பதே வழக்காகிவிடும். யுத்தம் மனிதர்களுக்குச் செய்த கொடுமைக்கு நடுவே இது சிறிதாகத் தோன்றலாம், ஆயினும் அதன் விளைவை நியூகினிச் செடிகளை ஆராய்பவர்கள் இன்றும் அனுபவித்து வருகிறார்கள்.

ஷூமானுக்குப் பிறகு பாதையைத் திருத்தியவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ஹோல்ட்டம். யுத்த காலத்தில் ஜப்பானியர் ஆட்சியிலும் அத்தோட்டத்தை விட்டு அகலாமல் ஆராய்ச்சியைத் தொடர்ந்த அவர், மலேயாத் தீபகற்பத்தின் இஞ்சிக் குடும்பத்தைப் பற்றிய தம் நூலை 1950-இல் வெளியிட்டார். உயிருள்ள செடிகளைப் பார்த்து எழுதியது அந்நூலின் பெருஞ்சிறப்பு. பூவின் நுட்பங்களோடு நில்லாமல், இலைகள் இருவரிசையாக அடுக்கியிருக்கும் தளம் கிழங்கு ஓடும் திசையோடு ஒத்திருக்கிறதா, அதற்குக் குறுக்காக இருக்கிறதா என்பது போன்ற, கண்ணெதிரே இருந்தும் பலர் கவனியாத லட்சணத்தையும் அவர் கவனித்தார். இஞ்சியிலும் மஞ்சளிலும் அத்தளம் கிழங்கோடு ஒத்துச் செல்கிறது. அரத்தையிலும் ஏலத்திலும் குறுக்காகச் செல்கிறது. அரை நூற்றாண்டுக்குப் பின்னர் இந்தச் சிறு குறிப்பின் பெருமை வெளிப்பட்டது. அதனைப் பின்னே காண்போம்.

உயிருள்ள பூவைக் காண்பது என்பதும் ஒருமுறை கண்டு திரும்புவதன்று. சீனத்தின் தென்கோடியான யுன்னானில், ஷிஷுவாங்பன்னாக் காடுகளில் அரத்தைப் பேரினத்தை ஆராய்ந்தவர்கள் 2001-இல் வெளியிட்ட செய்தி இதை நன்கு விளக்கும். அங்கே ஒரே இனத்தின் செடிகள் இரு வகையினவாக இருக்கின்றன. ஒரு வகையில் காலையில் மகரந்தப் பை திறந்து மகரந்தத்தை வழங்குகையில், சூல்முடி வண்டுக்கு எட்டாதபடி மேலே நிமிர்ந்திருக்கிறது. நண்பகல் சமயத்தில் சூல்தண்டு மெல்ல வளைந்து இறங்கி, பிற்பகலில் மகரந்தத்தை ஏற்றுக்கொள்ளும் நிலைக்கு வருகிறது. மற்றொரு வகையில் காலையில் சூல்முடி தாழ்ந்து மகரந்தத்தை ஏற்கிறது, பைகளோ மூடியிருக்கின்றன. நண்பகலில் தண்டு நிமிர்ந்துகொள்ள, அதன் பிறகே பைகள் திறக்கின்றன. ஆகவே ஒரு வகையின் மகரந்தம் அந்தந்தப் பொழுதில் மற்ற வகைக்கே போய்ச் சேர முடியும்; தன் பூவே தன்னைக் கருவுறச் செய்துகொள்ளும் நிலை தவிர்க்கப்படுகிறது. ஒரே பூவின் ஒரு நாள் வாழ்வில் இவ்வளவு ஒழுங்கு! காலையில் இரு செடிகளைப் பறித்து உலர்த்தியவர், சூல்தண்டின் நிலையை மட்டும் கண்டு, இவை இரண்டு இனங்களோ என்று ஐயுற்றால் அவரைக் குறைகூற முடியுமா?

மஞ்சள் பேரினத்தின் சிக்கல் வேறு விதமானது. நாம் பயிரிடும் மஞ்சளின் உயிரணுவில் 63 குரோமோசோம்கள் இருக்கின்றன. இது மும்மடித் தொகுதி, ஆதலால் விதை உண்டாவதில்லை. மனிதன் கிழங்கைப் பிளந்து நட்டு நட்டுத்தான் அது தலைமுறை தலைமுறையாக வந்திருக்கிறது. காட்டில் தானாக வளரும் மஞ்சள் என்று உறுதியாகச் சொல்லத்தக்கது எங்கும் இல்லை. அதன் காட்டு உறவினர்களோ, ஒரே செடியில் கோடை மழைக்குப் பின் இலை வருமுன்னே பக்கத்தில் ஒரு பூங்கொத்தையும், மழைக்காலத்தின் பிற்பகுதியில் இலைகளின் நடுவே மற்றொரு பூங்கொத்தையும் உண்டாக்குவதுண்டு. பூங்கொத்து பக்கத்தில் எழுகிறதா நடுவில் எழுகிறதா என்பதை இனத்தின் லட்சணமாகக் கொண்டு பழைய நூல்கள் எழுதப்பட்டிருந்தமையால், இரு பருவத்து ஒரே செடி இரு பெயர்களைப் பெறுவதற்கு இடமேற்பட்டது. கிழங்கை அறுத்தால் உள்ளே தெரியும் நிறமும் அதன் வாசனையும் இங்கே முக்கியமான சாட்சிகள். உலர்ந்த மாதிரியில் இரண்டும் கிடைப்பதில்லை. கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தில் சாபுவும் அவருடைய குழுவினரும் தென்னாட்டு இனங்களை எல்லாம் காட்டிலிருந்து கிழங்கோடு கொண்டுவந்து தோட்டத்தில் வளர்த்து, பருவந்தோறும் பார்த்து, 2006-இல் தென்னிந்திய இஞ்சிக் குடும்ப நூலை வெளியிட்டது இத்தகைய குழப்பங்களைத் தீர்க்கும் நேரான வழி.

புறத்தோற்றத்தை எவ்வளவு கூர்ந்து கண்டாலும், உறவை அறிய அது மட்டும் போதுமா என்ற கேள்வி எஞ்சுகிறது. போர்னியோவின் லம்பிர் குன்றுகளில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் இஞ்சிப் பூக்களுக்கு வரும் விருந்தாளிகளைக் கண்காணித்து 1999-இல் எழுதிய கட்டுரை இவ்வகையில் பொருள் பொதிந்தது. அங்குள்ள இஞ்சி இனங்கள் மூன்று கூட்டங்களாகப் பிரிகின்றன: நீண்ட அலகுடைய சிலந்திபிடிப்பான் குருவியை எதிர்பார்ப்பவை ஒன்று, அமெகில்லா என்னும் நீண்ட நாவுடைய தேனீயை எதிர்பார்ப்பவை ஒன்று, சிறு தேனீக்களை எதிர்பார்ப்பவை மற்றொன்று. ஒரே விருந்தாளியை நாடும் பூக்கள், தமக்குள் நெருங்கிய உறவில்லாவிடினும், குழலின் நீளத்திலும் உதட்டின் அகலத்திலும் ஒன்றையொன்று ஒத்துவிடுகின்றன. அப்படியானால் பூவின் ஒற்றுமையை வைத்து உறவைத் தீர்மானித்தவர்கள் சில இடங்களில் வழி தவறியிருக்கவேண்டும்.

அவ்வாறே நேர்ந்திருந்தது என்பதை மரபணு ஆராய்ச்சி காட்டியது. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிலையத்து ஜான் கிரெஸ்ஸும் அவருடைய தோழர்களும் 41 பேரினங்களைச் சேர்ந்த 104 இனங்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டு, 2002-இல் இக்குடும்பத்துக்குப் புதிய வகைப்பாட்டை வகுத்தார்கள். பூவின் உறுப்புகளைக் கொண்டு நூறாண்டுகளாக வழங்கிவந்த நான்கு பிரிவுகள் கலைந்து, நான்கு துணைக்குடும்பங்கள் அமைந்தன. அரத்தைப் பேரினம் ஒரே மூலத்திலிருந்து வந்ததன்று, பல மூலங்களின் கலவை என்று தெரியவந்தது. அமோமம் என்னும் பேரினமும் அவ்வாறே. 2018-இல் அதனைப் பிரித்துப் பல பேரினங்களாக்கினார்கள். நம் ஏலத்தின் பேரினத்தில் நெடுநாள் சேர்ந்திருந்த போர்னியோ இனங்களும் உண்மையில் அதற்கு நெருங்கிய சுற்றமல்ல என்று அதே ஆண்டில் நிச்சயமாகி, சுலெட்டேரியா என்ற தனிப்பெயர் பெற்றன. ஆனால், இத்தனை மாறுதல்களுக்கிடையே, இலையடுக்கின் தளத்தைப் பற்றி ஹோல்ட்டம் கவனித்த அந்தச் சிறு லட்சணம், இரு பெருந் துணைக்குடும்பங்களைப் பிரித்துக்காட்டும் அடையாளமாக நிலைபெற்றது. மரபணுவின் சாட்சியம் வந்துவிட்டது, இனிக் கண்ணால் காண்பது எதற்கு என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுவதில்லை.

அந்த நான்கு துணைக்குடும்பங்களுள் ஒன்று முழுவதும் ஒரே ஓர் இனத்துக்காக அமைந்தது. போர்னியோவில் கண்டு 2000-இல் பெயரிடப்பட்ட டாமிஜியா ஃபிளஜெல்லாரிஸ் என்னும் செடி, கிரெஸ்ஸின் ஆராய்ச்சியில் வேறு எந்தப் பெருங்கிளையிலும் அடங்காமல் தனித்து நின்றது. லம்பிர்க் காட்டின் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கி, 1997-இல் அக்குன்றுகளில் நேர்ந்த விமான விபத்தில் உயிர்நீத்த டாமிஜி இனோவேயின் நினைவாக அதற்கு அப்பெயர் சூட்டினார்கள். ஒரு குடும்பத்தின் ஆதிக் கிளைகளுள் ஒன்று, இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரையில் எவரும் அறியாமல் நிழலில் இருந்திருக்கிறது.

புதிய இனம் என்றால் எவரும் காணாத காட்டில் எவரும் காணாத செடி என்று நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் உண்மை அதுவன்று. அஸ்ஸாம், வங்காளம், மியன்மார் பக்கங்களில் வளரும் ஒரு செடிக்கு, செராம்பூரின் வில்லியம் கேரியின் நினைவாக ஹிட்சேனியா கேரியானா என்ற பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வழங்கியது. அது அந்தப் பேரினத்தில் சரியாகப் பொருந்தவில்லை என்ற ஐயம் தொடர்ந்து இருந்துவந்தது. பிறகு, அதன் சுற்றத்தைச் சேர்ந்த செடிகள் வடகிழக்கு இந்தியாவிலும் மியன்மாரிலும் கிடைத்து, உயிரோடு வளர்ந்து பூத்து, மரபணுச் சோதனையும் நடந்தபின், 2010-இல் கிரெஸ், சாபு முதலியோர் அவற்றுக்காக லார்செனியாந்தஸ் என்ற புதிய பேரினத்தை நிறுவினார்கள். தாய்லாந்தின் தாவரங்களுக்கு வாழ்நாளை அர்ப்பணித்த டேனிஷ் அறிஞர் கை லார்சனை அப்பெயர் நினைவூட்டுகிறது. பழைய கேரியானாவோடு, அஸ்ஸாம், அருணாசலம் ஆகிய பிரதேசங்களின் பெயர்களைத் தாங்கிய இரண்டும், யாத்திரிகர் கிங்டன் வார்டின் பெயரைத் தாங்கிய ஒன்றுமாக நான்கு இனங்கள் அதில் இடம்பெற்றன. ஒரு செடி அடையாளம் பெறுவதற்கு நூறாண்டுக்கு மேல் காத்திருந்தது. இது விதிவிலக்கன்று, புதிய பூக்குந்தாவர இனங்களுள் முதன்முதல் பறித்த ஐந்தாண்டுகளுக்குள் பெயர் பெறுபவை நூற்றுக்குப் பதினாறே என்றும், ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு, 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட மாதிரிகளைக் கொண்டு விவரிக்கப்பட்டவை என்றும் 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது.

இந்தக் காலதாமதத்துக்குச் சோம்பல் காரணமன்று. பெயர் சூட்டும் விதிகள் கண்டிப்பானவை: 1753 முதல் வெளியான எல்லாப் பெயர்களையும் ஆராய்ந்து, இச்செடிக்கு ஏற்கெனவே பெயரில்லை என்று உறுதி செய்யவேண்டும், லட்சணங்களை இலத்தீனிலோ, 2012 முதல் ஆங்கிலத்திலோ எழுதவேண்டும், ஆதார மாதிரி ஒன்றைக் குறிப்பிட்டு ஹெர்பேரியத்தில் நிரந்தரமாக வைக்கவேண்டும். இஞ்சியைப் பொறுத்தவரையில் பூவைச் சாராயத்தில் ஊறவைத்துத் தனியே பாதுகாப்பதும், உறுப்புகளைப் பிரித்து அடுக்கிப் படமெடுப்பதும், இலைத் துண்டை மரபணுச் சோதனைக்காக உலர்த்திவைப்பதும், கிழங்கைத் தோட்டத்தில் நட்டு அடுத்த பூ வரும் வரை காத்திருப்பதும் இவற்றோடு சேரவேண்டும். இந்த வேலையைக் கற்றவர்கள் உலகம் முழுவதிலும் மிகக் குறைவு. காடுகள் அழியும் வேகமோ மிக அதிகம். பெயர் பெறாத செடியை எந்தச் சட்டமும் காக்க முடியாது; அதன் அழிவைக் கணக்கில் எழுதவும் ஆளிருக்காது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வாழும் வாசகர்களுக்கு, முக்கியமாக மாணவர்களுக்கு, ஒரு வேண்டுகோள். கோடை மழை பெய்த பின் காட்டு மஞ்சளும், தென்மேற்குப் பருவக்காற்று வலுத்தபின் குளோப்பாவும் காட்டிஞ்சியும் பாதையோரங்களிலேயே பூக்கின்றன. அவற்றைத் தோண்டாதீர்கள், கிழங்கு போனால் செடி போயிற்று, வனத்துறையின் அனுமதியின்றி எடுப்பது குற்றமுமாகும். செடி முழுவதையும், இலையடி நாக்கையும், பூவை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் படமெடுங்கள். இடத்தையும் தேதியையும், பூவைக் கண்டது காலையா மாலையா என்பதையும், உதட்டின் நிறத்தையும் மணத்தையும் அன்றைக்கே எழுதிவையுங்கள். வந்த வண்டு எது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பிறகு அக்குறிப்பை உங்கள் கல்லூரித் தாவரவியல் ஆசிரியரிடமோ, கோயம்புத்தூரிலுள்ள மதராஸ் ஹெர்பேரியத்திடமோ கொண்டுபோய்க் காட்டுங்கள்.